நெஞ்சில் போட்ட ஊதாக் கோடு

மச்சான் சட்டைப் பித்தானைக் கழற்றி மார்பைக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஊதா மையில் நாலு கோடு. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் போட்டு அனுப்பியது. அந்தக் கட்டத்துக்கு உள்ளேதான் நுரையீரல் கட்டி; கட்டி கருக அங்கேதான் மின்சாரக் கதிரைப் பாய்ச்சுவார்கள்.

மச்சான் என் அக்காவின் கணவர். லாயாங் லாயாங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ரப்பர் தாள்களைப் புகை போட்டு உலர்த்துவது அவர் வேலை. ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. இருமலில் ரத்தம் வந்தபோது தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் "புகை இருமல்" என்று சிவப்புத் தண்ணி மருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு காசம் என்றார். முட்டையும் ஆட்டுப்பாலும் கொடுக்கச் சொன்னார். கட்டி என்று தெரிந்துகொள்ள ரயிலேறிச் சிங்கப்பூர் போகவேண்டியிருந்தது. அதற்குள் மச்சான் பாதி ஆளாகிவிட்டார்.

இரண்டு தடவை கதிர் வைத்தார்கள். தோல் கறுத்து ஒரே எரிச்சல். கோட்டில் தண்ணீர் படக்கூடாது என்று மட்டும் சொல்லியனுப்பினார்கள். ஏன் என்று யாரும் தமிழில் சொல்லவில்லை. நாங்களும் வாய் திறந்து கேட்கிற ஆட்கள் இல்லை. உடம்பில் சூடு ஏறினால் எண்ணெய் முழுக்கு. அக்காவுக்குத் தெரிந்த வைத்தியம் அது. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிவிட்டாள். நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் கோடு ஒன்றுகூட இல்லை.

"இப்பத்தான் எரிச்சல் அடங்கிச்சு. மைதானேடா, ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிகிட்ட வாங்கிப் போட்டுக்கலாம்," என்றாள் அக்கா.

பால் எடுக்க ரப்பர் மரத்தில் வெட்டுக்கோடு போடுவது என் வேலை. மச்சான் சிரித்தார். "ஆயிரம் மரத்துக்குப் போடுறவன், எனக்குப் போட மாட்டியா மாப்ளே? வெட்டிப்புடாத, பால் வராது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரத்தில் கோடு தவறினால் பட்டை போகும். இங்கே தவறினால்? முடியாது என்றேன்.

அடுத்த கதிருக்குக் கோடு இல்லாமலே போனோம்; ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். திரும்ப அளவெடுக்க வேண்டும், முறை வரும்வரை காத்திருங்கள் என்றார்கள். முறை வந்தபோது மச்சானால் மல்லாந்து படுக்க முடியவில்லை; மூச்சு முட்டியது. இனிக் கதிர் வேண்டாம் என்று வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கே வேலை செய்த தமிழர் ஒருவர் வாசல்வரை வந்தார். "குளிச்சதால இல்லம்மா. முன்னமே முத்திப்போச்சு. கோடு இருந்திருந்தாலும் இவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு." அந்த மனிதரை முதல் நாளே எங்கள் பக்கத்தில் நிறுத்தியிருக்கக் கூடாதா?

இப்போது நெஞ்சைத் திறந்து கட்டியையே எடுத்துவிடுகிறார்களாம். கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மச்சான் போய் இத்தனை வருஷமாகியும் அக்கா அந்த ஆஸ்பத்திரித் தமிழர் சொன்னதை இன்றுவரை நம்பவில்லை. "என் கையாலதானே அழிச்சேன்," என்கிறாள். "இல்லக்கா," என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன்.