சைகோன் மாப்பிள்ளையும் வற்றிப்போன கடலும்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், ஒரு ஸ்பானிஷ் பாட்டால் உப்பளம் பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தமே நின்றுபோகப் பார்த்தது. பழி முழுக்க என் தலையில்.

அப்போது எனக்குக் கிராமபோன் கடையில் வேலை. விசேஷ வீடுகளுக்குப் பெட்டி வாடகைக்குப் போகும். கூடவே நானும் போய் சாவி கொடுத்து, முள் மாற்றி, பிளேட் போட வேண்டும். அது லேசான வேலைதான். பிரெஞ்சுக் கப்பலில் ஸ்பானிஷ் பிளேட்டுகள் வந்து இறங்கியதும் பிடித்தது சனியன். பாட்டு ஒருவருக்கும் புரியாது. அர்த்தம் மட்டும் எல்லாருக்கும் வேண்டும். உறையில் பிரெஞ்சில் அச்சிட்டிருப்பதைப் படித்து நான் தமிழில் சொல்ல வேண்டும். எதை எடுத்தாலும் நிலா, நட்சத்திரம், ரோஜா, கடல். காதலிக்கு ஒரு சேலை எடுத்துத் தருகிறேன் என்று ஒருத்தனும் பாடித் தொலைக்கவில்லை.

மாப்பிள்ளை அந்துவானுக்கு சைகோனில் சுங்க உத்தியோகம். லீவில் வந்திருந்தான். மறு வாரம் கப்பல். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்த பிறகுதான் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள்.

"அண்ணே, நான் மாறமாட்டேன்னு செசிலிக்குத் தெரியணும். நானே சொல்ல வெக்கமா இருக்கு. அப்படி ஒரு பாட்டாப் போட்டு, அர்த்தத்தையும் சபையில சொல்லிடுங்க" என்றான்.

போட்டேன். சொன்னேன்.

"கடலே வத்தினாலும், சூரியனே அணைஞ்சாலும், ரோஜாவெல்லாம் கருகிப்போனாலும்..."

அதற்கு மேல் பேச விட்டால்தானே! பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றி இறக்கும் சலங்குப் படகுதான் அவருக்குப் பிழைப்பு.

"நல்ல காரியத்துல கடல் வத்துது, சூரியன் அணையுதுன்னு வாயில வருதே! இது பாட்டா, ஒப்பாரியா? எடுய்யா உன் பொட்டிய! இந்தச் சம்மந்தமே வேணாம்!"

"ஐயா, முழுசாக் கேளுங்க. அதெல்லாம் போனாலும் உன்ன விடமாட்டேன்னு பாடறான்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"விடாம இருக்கறது அப்புறம். மொதல்ல எதுக்குய்யா அதெல்லாம் கருகணும்?"

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன்; காரணம் அச்சிடவில்லை. அந்துவானோ பேயறைந்தவன் போல நின்றான்.

உள்ளேயிருந்து செசிலி வந்தாள்.

"வத்தட்டும்பா. கடல் வத்தினா கப்பல் போவாதுல்ல" என்றாள். சொன்னவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள்.

அப்பா மகளின் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்.

"மாப்ள, இந்தக் கப்பல விட்டுட்டா உத்தியோகத்துக்கு ஏதும் வந்துடுமா?"

"லீவ நீட்டிக் கேக்கறேன் மாமா. கல்யாணத்த முடிச்சுட்டுக் கூட்டிட்டே போறேன்." அப்போதுதான் அவனுக்கு வாய் வந்தது.

இன்று விசேஷ வீடுகளில் பாட்டுப் போடும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: பாட்டைப் போடுங்கள். அர்த்தம் கேட்டால் வேறு வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுங்கள். அந்தப் பாட்டுக்காரர்களின் கடல் எத்தனையோ பிளேட்டில் வற்றியிருக்கிறது, எனக்கு எரிச்சல்தான் வந்திருக்கிறது. வற்றினால் தேவலை என்று ஒருத்தி நிஜமாகவே வேண்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.