சத்தமில்லாத ஸ்டார்ட்டர்

நைட் ஷிப்ட் முடிந்து நான் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும்போது ஊரே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரி நர்சுக்குக் காலைதான் ராத்திரி. ஜன்னலைச் சாத்திப் படுத்தால் கண் சொருகும். வேப்பமரத்துச் சலசலப்பும் ஃபேன் காற்றும் ஒன்றாகி, கட்டிலோடு மிதக்கத் தொடங்குவேன். அப்போது பார்த்து ஏதாவதொரு ஸ்கூட்டரின் ஸ்டார்ட்டர் மோட்டார் கரகரக்கும். பட்டனை அமுக்கிய கையை ஒடிக்கலாம் போல இருக்கும்.

எங்கள் பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் பார்த்தவர் தூங்கும் வீடென்றால், வண்டியைத் தெருமுனைவரை உருட்டிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்வார்கள். கீழ்வீட்டு அண்ணனுக்கோ முழங்கால் வலி. மறந்தாரென்றால் நான் விழிப்பேன். மறக்காவிட்டால் அவர் நொண்டுவார். மைன்ஸில் எலக்ட்ரீஷியனான என் கணவர், லீவு நாட்களில் உட்கார்ந்து, அண்ணன் வண்டி ஸ்டார்ட்டரின் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு ரப்பர் வளையத்தைப் பொருத்தினார். கரகரப்பு போயே போய்விட்டது. பிறகு பிளாக்கிலுள்ள எல்லா வண்டிக்கும் செய்து கொடுத்தார். அப்பா, என்ன தூக்கம் தூங்கினேன்.

ரொம்ப நாள் கழித்துத்தான் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தன் பெயரில் ஒரு பொருள் இருக்க வேண்டுமென்று ஆசை. வேறெதற்கும் இந்த மனுஷன் அப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை. ஒரு மோட்டார் கம்பெனி ஆட்சேபித்தது, இதில் புதுசாக ஒன்றுமில்லையென்று. வளையம் வேலை செய்வதைச் சொல்ல அண்ணனைச் சாட்சியாகக் கூப்பிட்டார் இவர். எங்கள் வீட்டு லேப்டாப்பில் நடந்த விசாரணைக்கு, அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி மனு போடறதுக்கு ரொம்ப முன்னாடியே எங்க பிளாக்கு பூரா இதாங்க ஓடிக்கினு இருக்கு,” என்றார் பெருமையாக.

அது போதுமாக இருந்தது. விண்ணப்பிக்கும் முன்பே ஊரறியப் புழங்கிய பொருளுக்குக் காப்புரிமை கிடையாதாம். தள்ளுபடி செய்துவிட்டார்கள். முதலில் அண்ணன்மேல் எரிந்து விழுந்தேன், பிறகு சட்டத்தின்மேல். கடைசியில் என் தூக்கத்தின்மேலேயே வெறுப்பு வந்தது.

மறுநாள் காலை படுத்தும் கண் மூடவில்லை. கீழே மண்ணில் டயர் நெரிபடும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அண்ணன் காலை இழுத்து இழுத்து ஸ்கூட்டரை முனைக்கு உருட்டிக்கொண்டிருந்தார். என் கணவர் பின்னாலேயே போய் வண்டியைப் பிடித்தார்.

“எதுக்குண்ணே உருட்டுறீங்க? ஏறி உட்காருங்க.”

“வாணாம் தம்பி. எந்த மூஞ்சிய வச்சிக்கினு இத நான் அமுக்குவேன்?”

இவரே கையை நீட்டிப் பட்டனை அமுக்கினார். ஸ்டார்ட் ஆனது எனக்குக் கேட்கவே இல்லை.