பாதி வழியில் இறங்கச் சொன்னேன்

போன வருடம் சித்திரை மாதம். எங்கள் மகளிர் குழுவில் வேன் பிடித்து, கன்னியாகுமரி பார்த்துவிட்டு, அப்படியே கேரளாவில் வர்க்கலை என்ற ஊருக்கும் போனோம். செம்மண் குன்றை மண்வெட்டியால் நேராகச் செதுக்கி விட்டது மாதிரி இருக்கும். அடியில் மணல், அதற்கப்புறம் கடல். பருந்து தலைக்கு மேலே பறந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கே என் காலுக்குக் கீழே பறந்தது.

மற்ற பெண்கள் தண்ணீரில் நனையவேண்டும் என்று போனையெல்லாம் வேனிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி. மேலேயே நின்றுவிட்டேன். நிற்க நிற்க, இதை அவர் பார்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். பல்லடம் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. ‘ஊட்டைப் பூட்டலாம், பண்ணையப் பூட்ட முடியாது’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, ஒருவர் போனால் ஒருவர் இருந்தாகவேண்டும். ஒரு பேட்ச் கோழி போய் அடுத்த குஞ்சு வருவதற்குள் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்தான். கோழி அடைக்கிற செட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்பதிலேயே அது ஓடிவிடும். சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பத்தில் ஒன்றில் நான் தனியாக நிற்பேன், இன்னொன்றில் அவர் தனியாக நிற்பார். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்குதுங்களா என்று கேலி பேசுவார்கள். கட்டிக்கொண்ட புதிதில் ஒரு தடவை கடல் பார்க்கக் கூட்டிப்போகிறேன் என்று அவர் சொன்னதுண்டு. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டார்கள். கடல் மட்டும் பாக்கி.

வீடியோ கால் போட்டேன். செட்டுக்குள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் கோழிச் சத்தம். கடலைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இத்தன தண்ணி இருந்து என்ன, ஒரு போகம் வெள்ளாம ஆகுமா?” என்றார். நான் சிரித்தேன். அப்புறம் குரலை இறக்கி, “உன்ற மூஞ்சியும் தெரியற மாதிரி காட்டு” என்றார்.

கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று போனை உயர்த்தினேன். என் முகம் வந்தால் கடல் வரவில்லை. ஒரு எட்டு பின்னால் வைத்தேன். இன்னொரு எட்டு. திடீரென்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் முன்பக்கமாக விழுந்தேன். போன் கையை விட்டுப் பறந்து குன்றுக்குக் கீழே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால், நான் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு அடி மண் கூட இல்லை.

இழுத்தது அங்கே அன்னாசி நறுக்கி விற்கும் ஒரு அம்மா. நான் போன், போன் என்கிறேன். அந்த அம்மா என் முதுகைத் தடவி, “போன் போட்டே சேச்சி, ஆளுண்டல்லோ” என்றார். போனால் போகட்டும், ஆள் இருக்கிறாயே என்று அர்த்தம். தன் போனையும் நீட்டினார். ஆனால் என் வீட்டுக்காரர் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. போட்டோவைத் தொட்டுப் பேசித்தானே பழக்கம்.

குழுவினர் மேலேறி வந்து வேனைத் திறந்தால், எல்லார் போனிலும் அவர் கூப்பிட்டிருக்கிறார். அவர் பார்த்தது என் முகம், ஒரு அலறல், அப்புறம் வானம். அவ்வளவுதான். அதில் ஒரு போனிலிருந்தே பதறிப்போய்க் கூப்பிட்டேன். எடுத்தார். பஸ் சத்தம் கேட்டது.

“ஏனுங்க, எங்கிருக்கறீங்க?”

“பஸ்ல. கோயமுத்தூர் போயி ரயில் புடிச்சு வாரேன். உனக்கு ஒண்ணுமில்லியே?”

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் அதோடு நின்றிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? உச்சி வெயில். கரண்ட் போய் ஃபேன் ஓடாவிட்டால் கோழி கொத்துக்கொத்தாகச் சுருண்டு விழும். “கோழிங்க?” என்று கேட்டேன்.

“கோழி கெடக்குது போ. நீ இருக்கறயல்ல.”

கொஞ்ச நேரம் முன்னால் அன்னாசிக்கார அம்மா சொன்ன அதே வார்த்தை. அதைக் கேட்டும் நான், “எனக்கு ஒண்ணுமில்லீங்க, எறங்கிப் போயிருங்க, கோழி செத்துப்போகும்” என்றேன். “செரி, சூலூர்ல எறங்கிக்கறேன்” என்றார்.

ஊருக்கு வந்தால், அன்றைக்கு ஒரு கோழி கூடச் சாகவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். இவர் திரும்பி வரும் வரைக்கும் அந்தத் தோட்டத்துக்காரர் செட்டை விட்டு நகரவில்லையாம்.

அதற்கப்புறம் நானும் போலாமுங்க என்கிறேன். அவரும் போலாம் போலாம் என்கிறார். குஞ்சு வருகிறது, கோழி போகிறது. கோயமுத்தூர் பஸ்ஸில் சூலூர் ஸ்டாப் வந்து நாலு பேர் இறங்கும்போதெல்லாம், எனக்காகப் பண்ணையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மனுசனை நானே இங்கே இறக்கிவிட்டேனே, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் அந்தக் குன்றின்மேல் ரெண்டு பேரும் நின்றிருப்போமே என்று பஸ் படியையே பார்த்துக்கொண்டிருப்பேன்.