பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

வீட்டுத் தரகன் வீடு காட்டுகிறவன் என்றுதான் ஊர் நினைக்கிறது. தர்மபுரியில் நான் காட்டியதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியைத்தான்.

அறுபதுகளில் சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமானதும் ஊருக்குள் ஆபீஸ்கள் வந்தன, அவற்றின் பின்னால் குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சுற்றுவட்டாரத்து விவசாயிகளும் வியாபாரிகளும் மனைவி மக்களை டவுனில் குடிவைத்துவிட்டு, தாங்கள் மட்டும் நிலத்தையும் கடையையும் பார்த்துக்கொள்ளும் வழக்கம் பிடித்துக்கொண்டது. அத்தனை பேருக்கும் ஹைஸ்கூலைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களில்தான் வீடு வேண்டும்.

பிள்ளைகளுக்காக வீடு தேடி அலைந்த உங்களுக்கு என் பாடு புரியும். எனக்கு அதில் கூடுதலாக ஒன்று. நான் குடியிருந்தது பாலக்கோடு சாலையில் ஆறு மைல் தள்ளி. எங்கள் ஊரில் எட்டாவதோடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்கப் பையன்கள் சைக்கிளில் டவுனுக்குப் போவார்கள். பெண்களை யாரும் அனுப்பமாட்டார்கள். என் மகள் வசந்தா அந்த வருடம் எட்டாவது பாஸ் செய்திருந்தாள். டவுனில் வீடு கிடைத்தால் ஒன்பதாவது, இல்லாவிட்டால் அடுப்படி. என் மனைவி சரோஜா இதைத் தினமும் காலையில் எனக்குச் சோறு கட்டும்போது சொல்வாள்.

வீட்டைப் பார்க்காத அம்மா

மே மாதக் கடைசியில் பெண்கள் ஹைஸ்கூலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு காலியானது. மனதுக்குள் அதை எங்களுக்கென்று வைத்திருந்தேன். அதற்குள் பாத்திரக்கடை பாய் வந்துவிட்டார். அவருக்கும் ஒன்பதாவது போகிற மகள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டாமல் அந்தப் பெண் நடந்துபோக வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. தரகனே வீட்டை எடுத்துக்கொண்டால் அப்புறம் எவன் நம்பி வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாவியை எடுத்துப்போனேன். அது பாதிப் பொய். பெண்பிள்ளை ஒன்பதாவது படித்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணமும் அன்றைக்கு எனக்குள் இருந்தது.

பாயும் நானும் வீட்டுக்குள் ஓடு ஒழுகுமா, கிணற்றில் கோடையில் தண்ணீர் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூட வந்த அவர் மனைவியைக் காணோம். அரைமணி கழித்துத் திரும்பி வந்தார். பள்ளிக்கூடம் வரை நடந்து, சுற்றுச்சுவர் முழுக்க இருக்கிறதா, பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா, அதற்குக் கதவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்திருந்தார். உள்ளேயும் ஒரு பார்வை பாருங்கம்மா என்றேன். வாசலில் நின்றபடியே சொன்னார்: “வூடு ஒழுவுனா சட்டி வெச்சிக்கலாங்க, அந்தக் கதவு சரியா இருக்குது, அது போதும்.”

வசந்தா அந்த ஜூனில் வீட்டிலேயே இருந்தாள்.

எதிர் வீடு

மாரண்டஹள்ளிக் காய்கறி வியாபாரி ஒருவர் பையன்கள் ஹைஸ்கூல் கேட்டுக்கு நேர் எதிரே வீடு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேறு தெருவின் பெயரைச் சொன்னாலே கோபம் வரும். பிடித்துக் கொடுத்தேன். இரண்டே மாதத்தில் முகம் வாடி வந்து நின்றார். வகுப்பிலேயே தினமும் லேட்டாக வருகிறவன் அவர் மகன்தானாம். பெல் அடிக்கட்டும் என்று தட்டு முன்னால் உட்கார்ந்திருப்பானாம். ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு நன்றாகக் கேட்டுவிட்டாராம். வியாபாரி சொன்னார்: “கொஞ்சம் தூரமா ஒரு வூடு பாருங்க, பையன் நேரத்தோட போவட்டும்.”

கணக்கு வாத்தியார்

பென்னாகரத்து மாதையனுக்கு நிலமும் உண்டு, ஊருக்குள் காரை வீடும் உண்டு. அங்கேயும் பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் மகனுக்குக் கணக்கு ஏறவில்லை. தர்மபுரியில் ஒரு கணக்கு வாத்தியார், கல்லுக்குக்கூடக் கணக்கு ஏற்றிவிடுவார் என்று பேர் வாங்கியவர். அவர் குடியிருந்த வீட்டிலேயே அடுத்த போர்ஷன் வேண்டும் என்றார் மாதையன். அதில் ஏற்கெனவே இருந்தவருக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்துக் கிளப்பி, இவர் குடும்பத்தை ஏற்றினேன். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். வாத்தியார் வந்து பால் குடித்துவிட்டுப் போனார்.

புரட்டாசியில் வாத்தியாருக்கு டிரான்ஸ்ஃபர். எனக்கு மாதையன் முகத்தில் விழிக்கப் பயம். பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் கண்டாலே டீக்கடைக்குள் நுழைந்துகொள்வேன். ஒருநாள் அவரே டீக்கடைக்குள் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். வாத்தியாரை எந்த ஊருக்கு மாற்றினார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “பென்னாகரத்துக்குத்தானுங்க, பூட்டிக் கெடந்த என் வூட்லதான் இப்ப வாடகைக்கு இருக்கறாரு.”

பாஸ் வீடு

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வீட்டின் பின்கட்டு வாடகைக்கு வரும். இரண்டு ரூம், தகரக் கூரை, வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது. ஆனால் அங்கே குடியிருந்த மூன்று குடும்பத்துப் பிள்ளைகளும் அடுத்தடுத்து எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அதற்குப் பாஸ் வீடு என்று பேர் வைத்ததே நான்தான். அப்புறம் அதைக் காலி விழாமல் பார்த்துக்கொள்ள நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்காரர் மகனும் அதே பரீட்சைதான் எழுதினான், முன்கட்டில் இருந்து. இரண்டு தடவை ஃபெயில்.

மூன்றாம் தடவைக்கு முன்னால் வீட்டுக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். தாங்கள் பின்கட்டுக்குப் போவது, அங்கே இருக்கும் குமாஸ்தா குடும்பத்தை முன்கட்டுக்கு மாற்றுவது. வாடகை பைசா ஏறாது. முன்கட்டு என்றால் நாலு ரூம், ஓட்டுக்கூரை, தனிக் கிணறு. இப்படி அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும் என்று சிரித்த முகத்தோடு போய்ச் சொன்னேன். குமாஸ்தாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போகிற மகன். ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே வியர்த்துக் கொட்டிய அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார்: “நாங்க என்னங்க குறை வெச்சோம் உங்களுக்கு, பையன் எதிர்காலத்துல மண்ணப் போடறீங்களே!”

தாலிக்கொடியில் கட்டிய சாவி

இதற்குள் பாதி வருடம் ஓடிவிட்டது. வசந்தா பழைய பாடப் புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் சொந்தத்தில் ஒருவர் பெண் கேட்டு வந்தார். பதினாலு வயசுதானே என்று சரோஜா சொன்னாள். படிக்கவும் இல்லை, சும்மாதானே இருக்கிறாள் என்றார் அவர். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த ஜூனில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தால் பாத்திரங்களெல்லாம் சாக்குக்குள் இருந்தன. சரோஜா தாலிக்கொடியில் ஒரு புதுச் சாவியைக் கட்டியிருந்தாள். பெண்கள் ஹைஸ்கூலுக்குப் பின்தெருவில் வீடு. வசந்தாவைச் சேர்த்தும் ஆகிவிட்டது. வீடு பார்த்துக் கொடுத்தவர் கடைவீதியில் என்னோடு போட்டி போடும் இன்னொரு தரகர். இரண்டே நாளில் முடித்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. ஊரெல்லாம் சிரிக்குமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று சத்தம் போட்டேன். சரோஜா சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்: “ஒரு வருசமா பொண்டாட்டியா உங்ககிட்ட சொன்னனுங்க, கேக்கல, அவருகிட்ட வூடு தேடி வந்தவளாப் போனேன், கேட்டாரு.”

அந்தத் தெருக்களில் பாதிப் பேரைக் குடிவைத்தவன் நான்தான் என்றாலும், என்னைக் குடிவைத்தவர் தாம்தான் என்று அந்தத் தரகர் புதிதாக வீடு கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் பேச்சையே ஆரம்பித்தார்.