அப்புறம் குடிச்சுக்கறேன்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் மனைவி நோரீனைக் கேளுங்கள், அவள் பொய் சொல்லத் தெரியாதவள். பேயாவது பிசாசாவது என்று ஊரெல்லாம் கிண்டல் செய்து திரிந்தவன் நான். பப் நடத்துகிறவன் பார்க்காத பேயா?

1983 டிசம்பர். ஹாலிஃபாக்ஸில் 'ஷட்டில்' என்ற பப்பை நாங்கள் எடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஜேபெஸ் ஹோல்ராய்ட் என்ற பீர் ஆலை முதலாளி விக்டோரியா ராணி காலத்தில் வரிசையாகப் பப்கள் கட்டினார். அதில் இடிபடாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். மஹோகனி, பித்தளை, பச்சை ஓடு என்று மனிதர் இழைத்து வைத்திருந்தார். கவுண்டரின் ஒரு பக்கத்தில், முக உயரத்தில், சின்னச் சின்னப் பனிக்கண்ணாடிக் கதவுகள். அதற்கு அந்தப் பக்கம் தனியறை. பெரிய மனிதர்கள் அங்கே உட்கார்ந்து, ஒரு கதவைத் திறந்து கையை மட்டும் நீட்டுவார்கள். ஊற்றிக் கொடுப்பவனுக்கு முகம் தெரியாது. ஹோல்ராய்டே அப்படி ஒளிந்திருந்து, அளவைக் குறைக்கும் ஆட்களைப் பிடிப்பாராம்.

அந்தக் காலத்தில் மதியம் மூன்று மணிக்குப் பப்பை மூடி, ஐந்தரைக்குத்தான் திறக்க வேண்டும். சட்டம். இடையில் ஒரு சொட்டு கொடுத்தாலும் லைசென்ஸ் போய்விடும். அப்புறம் எங்களுக்குத் தெருதான்.

அன்றும் மூன்று மணிக்கு எல்லோரையும் அனுப்பினேன். தனியறைக்கு வெளியிலிருந்து நானே தாழ்ப்பாள் போட்டேன். கண்ணாடிக் கதவுகளையும் சாத்தினேன். நோரீன் மாடியில் தூங்கப் போனாள். நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே மூடுபனி. நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டக்... டக்...

மரத்தில் விரல் தட்டும் சத்தம். நிமிர்ந்தேன். நடுக் கண்ணாடிக் கதவு திறந்திருந்தது. அதன் வழியாக ஒரு கை நீண்டிருந்தது. கறுப்புக் கோட்டு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் முனை.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கறிக்கடை கிளைவுக்கு இந்த மாதிரி வேலையெல்லாம் கைவந்த கலை.

"டேய் கிளைவ், என் லைசென்ஸுக்கு வேட்டு வைக்காதடா."

"ரம் ஒண்ணு."

கிளைவின் குரல் இல்லை. வறண்ட, தாழ்ந்த குரல். ஏன் ஊற்றினேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வேலை வாங்கியே பழகிய முதலாளி குரல் அது. என் கை தானாகப் பாட்டிலுக்குப் போனது.

அந்தக் கை கோப்பையை வாங்கியது. விளக்குக்கு நேராகப் பிடித்து அளவைப் பார்த்தது. நிதானமாக உள்ளே போனது. மறுபடி வெளியே வந்து கவுண்டர் மேல் படிந்தது.

"அளவு சரியா இருக்கு. உனக்கும் ஒண்ணு ஊத்திக்கோப்பா."

எங்கள் பக்கம் இது வழக்கம். குடிக்க வருகிறவர் ஊற்றுகிறவனுக்கும் ஒன்று வாங்கித் தருவார். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை. வேலை நேரத்தில் குடித்தால் வேலை ஓடாது. அதனால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். என் வாயும் அதையே சொன்னது.

"நன்றிங்க ஐயா. அப்புறம் குடிச்சுக்கறேன்."

விரல்கள் கவுண்டரை ஒரு தட்டுத் தட்டின.

"சரிப்பா... அப்புறம்."

முகத்தைப் பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன்.

தனியறை முழுக்கத் தெரிந்தது. நீள இருக்கை. சுவர். மூடிய கதவு.

யாரும் இல்லை.

நடுக் கதவில் கை அப்படியே இருந்தது...

விரல்கள் மெதுவாக மடங்கின.

கை உள்ளே போனது.

டக். கதவு மூடிக்கொண்டது.

கத்தினேன். நோரீன் ஓடி வந்தாள். தாழ்ப்பாளைத் திறந்தது அவள்தான். உள்ளே ரம் கோப்பை காலியாக இருந்தது. இருக்கையில் யாரும் உட்கார்ந்த தடம்கூட இல்லை.

மறுநாள் எட்னா சக்டன் வந்தார். எங்களுக்கு முன்னால் அந்தப் பப்பை நடத்தியவரின் மனைவி. வழக்கமான கறுப்பு பீரோடு உட்கார்ந்தவரிடம் பாதி வேடிக்கையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ குடிச்சியா தம்பி?"

"இல்லம்மா."

"அப்ப வேண்டாம்னுட்டே. நல்லதாப் போச்சு. இதே கவுண்டர்ல நின்ன எங்க மாமனாரும் அந்தக் கைகிட்ட மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம்னாரு. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு. எங்க வீட்டுக்காரரு வாங்கி அங்கேயே குடிச்சாரு. காலையில பார்த்தா... கவுண்டருக்குப் பின்னாடி கெடக்கறாரு."

"நான் வேண்டாம்னு சொல்லலம்மா."

"பின்ன என்ன சொன்னே?"

சொன்னேன்.

எட்னா பாதிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கையுறையை மாட்டினார். "அப்படிச் சொன்னவங்க யாரையும் எனக்குத் தெரியாது," என்றார். அதன் பிறகு அவர் அங்கே வரவே இல்லை.

அடுத்த மாதமே பப்பை விட்டுவிட்டு ஸ்கார்பரோவுக்கு வந்துவிட்டோம். அன்றிலிருந்து நான் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. போன ஜூனில் என் மகளுக்குக் கல்யாணம். மணமக்களை வாழ்த்த எல்லோரும் கோப்பையை உயர்த்தினார்கள். என் கையிலும் ஒன்று இருந்தது. யார் கொடுத்தார்கள் என்று கவனிக்கவில்லை. உதடு வரை கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தேன். "இன்னிக்குக்கூட எனக்காக ஒரு வாய் குடிக்க மாட்டியாப்பா?" என்று மகள் அழுதாள்.

எனக்கென்று ஒரு கோப்பை ஊற்றி வைத்திருக்கிறது. அது எந்தக் கோப்பை என்று எனக்குத் தெரியாது.