என் உரையாடல்கள் மட்டும்

இருபத்திரண்டு வருடங்களாக அவள் பிழைப்பு, அடுத்தவருக்கு வரும் போனை எடுப்பதுதான். முதலில் பல் மருத்துவமனை, பிறகு ஒரு பஸ் கம்பெனி, கடைசியாக வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குத் தரும் இந்த நிறுவனம். குடியிருப்பது லாண்டரிக் கடை மாடியில் ஒற்றை அறை. அங்கே அவளுக்கென்று போன் செய்ய ஒருவரும் இல்லை. ஒரே ஒரு அக்கா இருந்தாள். ஆறு வருடங்களாகப் பேச்சு இல்லை.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கதறியும் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவள் இவள். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள்.

"அம்மாவ என் மடியில சாக விடாமப் பண்ணிட்டல்ல? இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றாள் அக்கா.

இவளும் ரோஷக்காரிதான். மிதிக்கவில்லை.

ஆபீஸில் மூன்று போன்கள் இருந்தன. யார் எடுத்தாலும் துண்டுச் சீட்டில் எழுதிக் கம்பியில் குத்தி வைப்பார்கள். ஒரு பெரியவரின் மெஷின் பழுது என்று எழுதிய சீட்டு மேஜைக்கு அடியில் விழுந்து, அந்த மனிதர் அரை நாள் மூச்சுக்குத் தவித்த பிறகுதான் மேனேஜர் விழித்துக்கொண்டார். புது மென்பொருள் வந்தது.

"போன், மெசேஜ், ஈமெயில், எதுல வந்தாலும் சரி, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே பக்கம்" என்று விளக்கினார் அவர். "யார் பேசினாலும் அதுல எழுதணும். அப்பத்தான் யார் திறந்தாலும் முழுக்கதையும் தெரியும். எல்லாம் கிளவுட்ல இருக்கு. தொலையவே தொலையாது."

பக்கத்து மேஜைக்காரருக்கு 'ரேடியோ' என்று பெயர். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிறுத்தமாட்டார். "மேகத்துலயா சார்? மழை பேஞ்சா ஒழுகிடாதே?" என்றார்.

"உங்க வாய் ஒழுகாம இருந்தாப் போதும்யா. ஒரே ஒரு விஷயம். மூலையில 'என் உரையாடல்கள் மட்டும்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதைத் தட்டினா மத்தவங்க எழுதினது மறைஞ்சிடும். அதை மட்டும் தொடாதீங்க."

எல்லோரும் தொட்டார்கள். திரை சுத்தமாக இருந்தது, தலைவலி குறைந்தது. அவளும் தொட்டாள். அந்தப் பாவி விரலை அன்றே யாராவது பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா!

மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை, போன் மணி அடித்ததும் திரையில் வந்து நின்றது அக்காவின் பெயர். அக்காவின் தெரு. நுரையீரல் நோய், இரண்டு மாதமாக மெஷின், திங்கள்தோறும் அதன் அளவைப் போனில் சொல்ல வேண்டும்.

ஹெட்போனை மாட்டினாள். "வணக்கம், சொல்லுங்க மேடம்."

"மெஷின்ல..." அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. "ரெண்டு காட்டுதும்மா."

"ரெண்டு லிட்டர். எழுதிக்கிட்டேன் மேடம்." தொண்டையைச் செருமிக் குரலை மாற்றிக்கொண்டாள்.

"தொண்ட கட்டியிருக்கா? வெந்நி குடி. ஐஸ் தண்ணியாக் குடிச்சுக்கிட்டே இருக்காத."

முன்பின் தெரியாதவளிடம் இவ்வளவு பாசமா? தன்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது.

அன்றே அக்காவின் பெயருக்கு நேராகத் தன் பெயரைப் பதிந்தாள். இனி அந்த எண்ணிலிருந்து போன் வந்தால் முதலில் இவள் மேஜைக்குத்தான் வரும். திங்கள்தோறும் வந்தது. நோய் முற்ற முற்ற இரண்டு லிட்டர் மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. ஒவ்வொரு வாரமும் 'அக்கா' என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்து 'மேடம்' என்று விழுந்தது. தெரிந்தால் போனை வைத்துவிடுவாள், அந்த இரண்டு நிமிடமும் போய்விடும் என்று பயம். நான்கு லிட்டர் என்று எழுதிய அன்றுதான் முடிவெடுத்தாள். அடுத்த திங்கள் 'அக்கா' என்று கூப்பிட்டே தீர்வது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காய்ச்சலில் கிடந்தாள். சனிக்கிழமை வந்ததும் முதல் வேலையாக அக்காவின் பக்கத்தைத் திறந்தாள். புதிதாக ஒன்றும் இல்லை. மூடினாள். மதியத்துக்குள் மூன்று முறை திறந்து மூடினாள். திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாயும் இல்லை.

புதன்கிழமை மெசேஜ் வந்தது. "அம்மா திங்கட்கிழமை காலையில தவறிட்டாங்க. மெஷினை எடுத்துக்குங்க." அக்காவின் மகள்.

அழக்கூட வரவில்லை. வேலை பழகிய கை தானாகப் போய், பக்கத்தை முடிக்கும் பொத்தானை அழுத்தியது. மென்பொருள் விடவில்லை. 'படிக்காத குறிப்பு ஒன்று உள்ளது' என்றது. மூலைக் கட்டத்தில் இருந்த குறியை எடுத்தாள்.

வியாழக்கிழமை, ரேடியோ எழுதியது:

"வாடிக்கையாளர் சொன்னது: வழக்கமாப் பேசுற பொண்ணு வந்ததும் சொல்லுங்க. அவ என் தங்கச்சி. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. பொய் சொல்றப்ப சின்ன வயசுலேர்ந்தே தொண்டையச் செருமுவா. ஞாயித்துக்கிழம வரச் சொல்லுங்க. கதவத் தெறந்து வச்சிருப்பேன்."

அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் ரேடியோ எழுந்து நின்றுவிட்டார்.

"எங்கிட்ட ஏண்ணே ஒரு வார்த்த சொல்லல?"

"சனிக்கிழம எனக்கு லீவும்மா. நீ படிச்சிருப்பேன்னு நெனச்சேன். வீட்டு விஷயம்... நானா எப்படிம்மா கேக்கறது?"

ஊர்க்கதையெல்லாம் பேசும் மனிதர், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாயை மூடிக்கொண்டார்.

மெஷின் எடுக்கப் போகும் வேனில் அவளும் ஏறினாள். அக்கா மகள் வாசலுக்கு வந்தாள். ஆறு வருடத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள்.

"சித்தி?"

இவள் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"ஞாயித்துக்கிழம பூரா கதவச் சாத்தவே விடல சித்தி. குளுந்த காத்து வருதும்மா, சாத்தறேன்னேன். 'அவ கதவத் தட்டமாட்டாடி, ரோஷக்காரி. தெறந்திருந்தாத்தான் உள்ள வருவா'ன்னா. உள்ள வா சித்தி."

உள்ளே கட்டிலருகே மெஷின் நின்றது. அளவு வைக்கும் திருகு ஐந்தில் நின்றுவிட்டிருந்தது. பக்கத்திலேயே ஒரு நாற்காலி, கட்டிலைப் பார்த்துப் போடப்பட்டு, காலியாக.

"அக்கா" என்றாள். கேட்க ஆளில்லாத அறையில் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது!

ஆபீஸுக்குத் திரும்பி அக்காவின் பக்கத்தைத் திறந்தாள். முடிப்பதற்கு முன் கடைசிக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும் என்பது விதி. எழுதினாள்.

"தங்கை வந்தாள்."

கிழமையையும் நேரத்தையும் அவள் எழுத வேண்டியிருக்கவில்லை. அதை மென்பொருளே பதிந்துகொண்டது. புதன்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம்.