கதைக்காரி மாற்றாத நாயகன்

வீட்டில் எல்லோரும் அவளைக் கதைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தேழு. இருபது வருஷத்தில் முப்பத்தாறு குடும்ப நாவல்கள். அத்தனையிலும் காதல், கூட்டுக் குடும்பம், கடைசி அத்தியாயத்தில் கல்யாணம். எழுதியவளுக்கு மட்டும் அது ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையே கதி என்று இருந்துவிட்டாள்.

முப்பத்தாறுக்கும் முதல் வாசகி அண்ணி. வாசகி என்ன வாசகி, நீதிபதி! சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அத்தியாயத்தைப் படிப்பாள். நாயகன் பிடிக்கவில்லை என்றால், "இவன் வேண்டாம், மாத்திடு" என்பாள். கதைக்காரியும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவாள். அப்படித்தான் ஒரு பஸ் டிரைவர் எஞ்சினியர் ஆனான். ஒரு வழுக்கைத் தலை நாயகனுக்கு ஒரே இரவில் சுருள்முடி முளைத்தது. புத்தகங்களும் நன்றாகவே விற்றன. அண்ணிக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த நாயகர்களைக் கண்டாலே ஆகாதவர் ஒருவர் இருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஐம்பத்தொரு வயது, மனைவியை இழந்தவர். எழுத்துப் பிழையைப் பார்த்தோமா, போனோமா என்று இருக்கமாட்டார். பக்க ஓரத்தில் பென்சிலால், "இந்தப் பெண் ஏன் இவ்வளவு அழுகிறாள்? இவன் அதற்குத் தகுதியானவனா?" என்று எழுதி அனுப்புவார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சகத்துக்கே போய், "உங்க வேலையை மட்டும் பாருங்க" என்று சண்டை பிடித்தாள்.

"பிழைன்னு பட்டதைத்தாங்க குறிச்சேன்," என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் நாலு வருஷம், அந்த ஓரக் குறிப்புகளுக்காகவே எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பதிவு அலுவலகம்.

"அச்சாபீஸ் ஆளா? ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டு நடப்பாரே, அவரா?" அண்ணி கத்தியைக் கீழே வைக்கவில்லை. "இந்த ஆள் வேண்டாம். மாத்திடு."

இருபது வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது.

"இவரை மாத்த மாட்டேன் அண்ணி."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அண்ணன், "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்? நாலு பேர் சிரிப்பாங்க," என்றான்.

"முப்பத்தாறு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டுப் படிச்சீங்க. எனக்குன்னு வந்தா மட்டும் வயசா?"

"கதை வேற, வாழ்க்கை வேற," என்றாள் அண்ணி.

"அதைத்தான் நானும் சொல்றேன். கதையில உங்க இஷ்டம். இதுல என் இஷ்டம்."

நாலு நாள் அண்ணி வாயைத் திறக்கவில்லை. அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின. வியாழக்கிழமை சாயங்காலம் மாடியேறி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கூடப் பேசறது? உங்கண்ணன் பேப்பரோட குடித்தனம் நடத்துறாரு."

கதைக்காரிக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. அவளுடைய நாயகியாக இருந்தால் இந்த இடத்தில் அழுது, அண்ணி மடியில் விழுந்து, தியாகி ஆகியிருப்பாள். எத்தனை பேரை இப்படிப் பத்துப் பத்து அத்தியாயம் தியாகிகளாக்கி அலைக்கழித்திருக்கிறாள்! நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு அண்ணி. ஆனா போகத்தான் போறேன். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. சாட்சிக் கையெழுத்துப் போட வர்றீங்களா?"

அண்ணி எழுந்து மாடிப்படி இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பதிவு அலுவலகத்தில் வந்து நின்றாள் அண்ணி, அண்ணனையும் இழுத்துக்கொண்டு. மாப்பிள்ளையை மேலிருந்து கீழ்வரை ஒரு அத்தியாயம் படிப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கதைக்காரியின் காதருகே குனிந்தாள்.

"ரெண்டாவது பட்டன் அறுந்து தொங்குது. சட்டையையாவது மாத்தச் சொல்லு."

கதைக்காரி பேனாவை அண்ணியிடம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. இவர் நான் எழுதின ஆளு இல்ல."